சாருமதி திரும்பிப் பார்க்காத நாள்

நடிகை சாருமதி திரும்பிப் பார்த்தால் மழை பெய்யும் என்பது அந்தக் காலத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். சித்திரையில் வெயில் கொளுத்தும், ஐப்பசியில் அடைமழை பிடிக்கும், சாருமதி திரும்பினால் அப்போதே பெய்யும், அவ்வளவுதான். சும்மா திரும்பினால் ஒன்றும் ஆகாது. யாராவது பேர் சொல்லிக் கூப்பிட வேண்டும், கூப்பிட்ட குரலுக்கு அவள் முதலில் கண்ணையும் பிறகு தாடையையும் கடைசியாகத் தோளையும் கொண்டுவந்து அந்தத் திரும்பு திரும்ப வேண்டும். முதல் படத்தில் மழைப்பாட்டு எடுக்கும்போது லாரியில் கொண்டுவந்த தண்ணீர் தீர்ந்துபோனதாம், அது தெரியாத கதாநாயகன் கதையில் இருந்த பேரையும் மறந்துபோய் "சாருமதி" என்று சொந்தப் பேரையே சொல்லிக் கூப்பிட்டுவிட்டானாம், அவள் திரும்பினாளாம், வானம் பொத்துக்கொண்டு ஊற்றியதாம். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. வேப்பமரம் ஏன் கசக்கிறது என்று யார் கேட்டோம், அதுபோலத்தான்.

கேட்காவிட்டாலும் நாடு அதற்கேற்ப நடந்துகொண்டது. தண்ணீர் இல்லாத ஜில்லாக்களின் கலெக்டர்கள் அவளுக்குக் கார் அனுப்பினார்கள், அவள் வந்து ஏரிக்கரையில் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பாள், ஊர்ப் பெரியவர் பேர் சொல்லிக் கூப்பிடுவார், நெல்லுக்கு முழுத் திரும்பல், நிலக்கடலைக்கு அரைத் திரும்பல் என்று விவசாயிகள் கணக்காகக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். ரேடியோவில் வானிலை வாசிப்பவர் வங்கக் கடலின் காற்றழுத்தத்தைச் சொல்லி முடித்துவிட்டு, நடிகை சாருமதி நாளை மதுரை வழியாகச் செல்லவிருப்பதால் பொதுமக்கள் குடையுடன் செல்லவும் என்று அதே குரலில் வாசித்தார். கல்யாண வீட்டுக்காரர்கள் பந்தல் போடுமுன் பஞ்சாங்கத்தோடு சினிமாப் பத்திரிகையையும் பார்த்தார்கள். ஒரு கட்சிக்காரன் கூட்டம் போட்டால் எதிர்க்கட்சிக்காரன் அவளை அந்த ஊர் வழியாக வரவழைத்து, கூட்டத்தில் நான்கு பேரை விட்டுப் பேர் சொல்லிக் கத்தச் சொன்னான். அப்பளம் போடுகிறவர்களும் செங்கல் அறுக்கிறவர்களும் வண்ணான் துறைக்காரர்களும் அவள் கார் எந்தச் சாலையில் வருகிறது என்று விசாரித்துவிட்டுத்தான் பாயை விரித்தார்கள்.

எங்களுக்கு, அதாவது தூத்துக்குடிக்குத் தெற்கே உப்பளத்தில் கிடக்கிற சனங்களுக்கு, அவள் ஆகாது. ஆகாது என்றால் பிடிக்காது என்று அர்த்தமில்லை. எங்களைப்போல அவளைக் கொண்டாடியவர்கள் இந்தச் சீமையில் கிடையாது, யாராவது மறுத்தால் நான் சண்டைக்கு வருவேன். மழைக்காலம் என்றால் எங்கள் வீடுகளில் அடுப்பில் பூனை தூங்கும். மேகம் கறுத்தால் மற்ற ஊர்ப் பெண்கள் வாசலுக்கு வந்து கையை நீட்டுவார்கள், நாங்கள் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு உப்புப் பாத்திக்கு ஓடுவோம். கொட்டகைத் திரையில் சாருமதி நனைகிற மழை ஒன்றைத்தான் நாங்கள் ஆற அமர உட்கார்ந்து, அட, இது இத்தனை அழகா என்று பார்த்தோம். அந்த மழை எங்கள் உப்பைக் கரைக்காது. பார்த்துவிட்டு வந்து பெற்ற பெண்பிள்ளைகளுக்கெல்லாம் அவள் பேரையே வைத்தோம். கறுத்த சாருமதி, சுருட்டைமுடி சாருமதி, மேலவீட்டு சாருமதி என்று எங்கள் தெருவில் யாராவது வாசலில் நின்று ஒரு குரல் கொடுத்தால் நாலைந்து பிள்ளைகள் ஒன்றாக ஏன் என்று கேட்கும். என் வீட்டிலும் ஒருத்தி இருந்தாள், ஏழு வயது, கால் நகம் முதல் தலைமயிர் வரை பிடிவாதம்.

அந்த வருசம்தான் நானும் என் வீட்டுக்காரரும் முதல்முறையாகச் சொந்தக் குத்தகைக்குப் பாத்தி எடுத்திருந்தோம். அதுவரை ஊரான் பாத்தியில் உப்பு வாரிய கூலிகள். பிள்ளைக்குக் கையெட்டுகிற வயது வந்துவிட்டால் அவளையும் பாத்தியில் இறக்கச் சொல்வார்கள், என் அம்மா என்னை இறக்கியதுபோல. இந்த ஒரு விளைச்சல் கைக்கு வந்துவிட்டால் அடுத்த வருசமும் பாத்தி நம்முடையது, பிள்ளை பள்ளிக்கூடத்தில் இருப்பாள். வராவிட்டால் மறுபடி கூலி, தாயும் மகளுமாக. உப்பு கரை சேர வேண்டும், கரையக் கூடாது, இது ஒன்றுதான் அப்போது எனக்கு வேண்டுதல். பாத்தி முழுக்க உப்பு பூத்து, தண்ணீருக்கு அடியில் பல்லைப்போல் வரிசை கட்டி நின்றது. வாரி, தலையில் சுமந்து, பாத்திக்குக் கரையான தட்டுமேட்டில் அம்பாரமாகக் குவித்து, ஓலை போட்டு மூடிவிட்டால் அப்புறம் எந்த மழை வந்தாலும் வரட்டும். அதற்கு எங்களுக்கு ஒரே ஒரு வெயில் நாள் வேண்டியிருந்தது. அந்த நாளில்தான் அவள் வந்தாள்.

வந்தாள் என்றால் எங்களைத் தேடி வரவில்லை. மணப்பாட்டில் படப்பிடிப்புக்குப் போகிற வழியில், கூட்டத்துக்குப் பயந்து உப்பளத்துச் சாலை வழியாகக் காரைத் திருப்பச் சொல்லியிருக்கிறாள், எங்கள் பாத்திக்கு நேராக வந்ததும் காரின் அச்சு முறிந்துவிட்டது. டிரைவர் போகிற லாரியில் தொற்றிக்கொண்டு டவுனுக்கு ஆள் கூப்பிடப் போய்விட்டான். காருக்குள் உட்கார்ந்திருந்தால் கருவாடாகிவிடுவோம் என்று நினைத்தாளோ என்னவோ, தலையில் முக்காடும் முகத்தில் கறுப்புக் கண்ணாடியுமாக வரப்பில் நடந்து வந்து, உப்பு இழுக்கிற, நீளக் காம்பு வைத்த வாருபலகையோடு நின்ற எங்கள் முன்னால் நின்று, "கொஞ்சம் தண்ணி கிடைக்குமா?" என்று கேட்டாள். கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினாள்.

ஆண்டவனே, அந்த முகம். சினிமாவில் வெளிச்சம் போட்டுக் காட்டுவார்கள், உப்பளத்தில் கீழிருந்தும் மேலிருந்தும் வெளிச்சம், எங்கள் முகமெல்லாம் அதில் வறுத்த கடலையாய்ப் போயிருக்க, அவள் முகம் மட்டும் இப்போதுதான் கழுவி எடுத்ததுபோல் இருந்தது. நாக்கின் நுனிவரை அந்தப் பேர் வந்துவிட்டது, என் பக்கத்தில் நின்ற பெண்களுக்கும் வந்துவிட்டது, எல்லார் வாயும் 'சா' என்று திறந்ததை நான் பார்த்தேன். மேற்கே, துடைத்துவைத்த வானத்தில், உள்ளங்கையளவு மேகம் ஒன்று முளைத்தது. எங்களோடு உப்பு வாருகிற மாடத்திதான் காப்பாற்றினாள்.

"வாங்க மதினி," என்றாள் மாடத்தி, வாராவாரம் வந்துபோகிற அண்ணன் பெண்டாட்டியைப் பார்த்ததுபோல. "என்னா வெயிலு, இப்பிடியா நடந்து வருவாவ? ஏட்டி பேச்சி, பாத்துக்கிட்டு நிக்கியே, மதினிக்குத் தண்ணி குடு," என்று என்னை அதட்டினாள்.

மேகம் சற்று நேரம் நின்று பார்த்துவிட்டு, நம்மைக் கூப்பிடவில்லை என்று போய்விட்டது.

மாடத்திக்கு இது ஒன்றும் பெரிய வித்தை இல்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். அவள் புருசன் பேர் வெள்ளைச்சாமி. புருசன் பேரைச் சொல்லக் கூடாது என்பதால் உப்பளத்திலேயே பிறந்து வளர்ந்த அவள் ஒருநாளும் உப்பை வெள்ளை என்று சொன்னதில்லை, தும்பைப்பூ நிறம் என்பாள், வெள்ளிக்கிழமையை வியாழனுக்கு மறுநாள் என்பாள், வெள்ளாட்டைக் குட்டையாடு என்பாள். நானும் அப்படித்தான், என் வீட்டுக்காரர் பேரை இந்தக் கதையில் நீங்கள் எங்கே தேடினாலும் கிடைக்காது. கட்டின நாள் முதல் கட்டை வேகிற வரை ஒரு பேரை நாக்கில் வைத்துக்கொண்டே சொல்லாமல் குடும்பம் நடத்துகிறவர்கள் நாங்கள். ஒரு நாள் இன்னொரு பேரையும் சேர்த்து விழுங்குவதா எங்களுக்குக் கஷ்டம்? மதினி என்ற ஒரு சொல் போதும், அதை வைத்து ராஜாத்தியையும் கூப்பிடலாம், பிச்சைக்காரியையும் கூப்பிடலாம்.

மதினி தண்ணீரைக் குடித்துவிட்டுச் செம்பைத் திருப்பித் தந்தபோது பாத்தியைப் பார்த்தாள், பூத்துக் கிடந்த உப்பைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"உங்களுக்கு என்னைத் தெரியும்தானே?" என்றாள் மெதுவாக.

"தெரியாது மதினி," என்றேன். கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை.

"நிஜமாவா?"

"எங்களுக்கு எங்க தெரியும்? நாங்க வேலை உண்டு, வெயில் உண்டுன்னு கிடக்கோம்."

அவள் சிரித்தாள். "எங்க ஆட்கள்ல பாதிப் பேருக்கு இவ்வளவு நல்லா நடிக்க வராது," என்றாள். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னாள், "தெரியாதவங்களாவே இருங்க. கூப்பிட்டா திரும்பாம இருக்க எனக்கு வரலை. எத்தனையோ தடவை பார்த்துட்டேன், காதுல பஞ்சுகூட வெச்சுப் பார்த்துட்டேன். கழுத்து என் பேச்சைக் கேக்காது."

அந்த நிமிடத்திலிருந்து எங்கள் உப்பளமே நடிக்கத் தொடங்கியது, பார்க்க ஒரே ஒரு ஆள், அவளோ பெரிய நடிகை. செய்தி எப்படித்தான் பரவியதோ, தூரத்துப் பாத்திகளில் இருந்தெல்லாம் ஆட்கள் வந்தார்கள், சும்மா வரவில்லை, தீப்பெட்டி இருக்கிறதா என்று கேட்டு வந்தார்கள், காணாமல்போன கோழியைத் தேடி வந்தார்கள், உப்பளத்தில் ஏது கோழி, அது யாருக்கும் தோன்றவில்லை. வந்து நின்று, கண்ணால் அள்ளிக் குடித்துவிட்டு, "மதினி சௌக்கியமா?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் கன்னத்தைக் கடித்துக்கொண்டு போனார்கள். மோட்டார் கொட்டகையில் டிரான்சிஸ்டர் பாடிக்கொண்டிருந்தது, அவளுடைய அந்த முதல் மழைப்பாட்டு வந்து, பாட்டுக்கு நடுவே கதாநாயகன் பேர் சொல்லிக் கூப்பிடுகிற இடம் நெருங்கவும், என் வீட்டுக்காரர் ஓடிப்போய் டிரான்சிஸ்டரை உப்புத் தண்ணீருக்குள் அமுக்கினார். அது அப்புறம் பாடவே இல்லை. அதற்காக அவரை நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

பிள்ளைகள் பாடுதான் திண்டாட்டம். கோடை விடுமுறை, எல்லாம் வரப்பில்தான் கிடக்கும், எல்லாவற்றுக்கும் ஒரே பேர். ஏ பச்சப்பாவாடை, ஏ ரெட்டைச்சடை, ஏ மூக்கொழுகி என்று ஆளுக்கொரு பேர் வைத்துக் கூப்பிட்டோம். மற்ற சாருமதிகள் சிரித்துக்கொண்டே ஓடி வந்தார்கள். என்னுடையவள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

"எனக்குப் பேரு இல்லியா?" என்றாள்.

"இருக்குட்டி, இன்னைக்கு ஒருநாள் அம்மா சொல்ல மாட்டேன். அந்த மதினி போகட்டும்."

"பேரு சொல்லிக் கூப்பிட்டாத்தான் வருவேன். இல்லாட்டி யாரு கூப்பிட்டாலும் வர மாட்டேன், பாத்துக்கோ," என்று சொல்லிவிட்டுத் தட்டுமேட்டுப் பக்கம் போனாள். பசித்தால் வருவாள் என்று விட்டுவிட்டேன்.

வந்த மதினி சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. வெயிலில் வந்து நின்றதும் தன் காலடியைப் பார்த்தாள், அங்கே நிழல் கிடந்தது, உப்பின்மேல் விழுகிற நிழல் கத்தரித்து ஒட்டினதுபோல் இருக்கும், அதைப் பார்த்ததும் கையைத் தூக்கினாள், காலைத் தூக்கினாள், குனிந்தாள், நிமிர்ந்தாள், அதுவும் கூடவே செய்வதைப் பார்த்துக் குழந்தைபோல் கை தட்டினாள். "வெளிய வந்தா அஞ்சு நிமிஷத்துல யாராவது கூப்பிட்டுடுவாங்க, உடனே மழை. என் நிழலைப் பார்த்து எத்தனையோ வருஷம் ஆச்சு," என்றாள். நிழலுக்கு ஏங்குகிறவர்கள் நாங்கள், அது ஒரு மரத்தின் நிழல், அவளோ தன் நிழலுக்கு ஏங்கியிருக்கிறாள்.

பிறகு வாருபலகையைக் கேட்டாள். கொடுத்தேன். அமுக்கி இழுத்து, உப்போடு அடிச் சேற்றையும் சேர்த்து வாரிவிட்டாள்.

"மதினி, உப்பை வாருங்க, ஊரை வாராதிய," என்றாள் மாடத்தி. "சட்டியில மிச்சம் மீதி வழிக்க மாதிரி, மேலாப்புல."

"எங்க வீட்டுல சட்டியை நான் தொட்டதே இல்லையே."

"அதான் தெரியுதே."

வேறு யாரும் அவளிடம் அப்படிப் பேசியிருப்பார்களா, தெரியவில்லை. அவள் முகம் மலர்ந்துபோனது. சொல்லிக்கொடுத்தபடி இழுத்தாள், மறுமுறை சேறு வரவில்லை, அதற்கு மறுமுறை எங்களில் ஒருத்தி வாரியதைப்போலவே உப்பு சுருண்டு வந்தது. பகல் கஞ்சிக்கு உட்கார்ந்தபோது எங்கள் நடுவிலேயே உட்கார்ந்து, நெத்திலிக் கருவாட்டைக் கடித்துக்கொண்டு, வரப்பில் காயப்போட்டிருந்த மாடத்தியின் கிழிந்த சேலையை எட்டித் தொட்டுப் பார்த்தாள். மொறுமொறுவென்று இருந்தது. முகத்தில் வைத்து மோந்துகூடப் பார்த்தாள்.

"வெயில்ல காஞ்ச துணி," என்றாள். "எங்க வீட்டுல கொடியே கிடையாது. எல்லாம் மின்விசிறிக்குக் கீழதான்."

"எங்ககூட இருந்துருங்க மதினி," என்றாள் மாடத்தி, விளையாட்டாகத்தான். அவள் கஞ்சியைக் கலக்கிக்கொண்டே இருந்தாள். எனக்கு அவளை அப்படியே கட்டிப் பிடித்துக்கொள்ள வேண்டும்போல இருந்தது. இத்தனை நாள் திரையில் பார்த்தவளைவிட இவள் பெரியவள் என்று தோன்றியது, ஏன் என்று கேட்டால் அப்போது சொல்லத் தெரிந்திருக்காது.

பொழுது சாய்கிற நேரத்துக்குப் பாதி உப்பு தட்டுமேட்டுக்குப் போயிருந்தது, மறுபாதி பாத்தியில் கிடந்தது. பக்கத்துப் பாத்திக்காரர் போன தடவை குவித்திருந்த அம்பாரத்தில் இருந்து உப்பு ஏற்ற லாரி ஒன்று வந்தது. வரப்புச் சாலை குறுகல், லாரி திரும்ப இடமில்லை, எப்போதும் பின்பக்கமாகத்தான் வரும். நான் பாத்தியின் நடுவில் தலையில் உப்புத் தட்டோடு நிமிர்ந்தேன். மதினி எனக்கு நாலு முழம் தள்ளி, பக்கவாட்டில், கடலைப் பார்த்து நின்று வாரிக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால்தான் வரப்பு, தட்டுமேடு, லாரி எல்லாம். அந்த அம்பாரத்தின் அடியில், லாரிக்கு முதுகைக் காட்டிக் குந்தியபடி, உப்பில் குச்சியால் என்னவோ வரைந்துகொண்டு என் மகள் இருந்தாள்.

தட்டை எங்கே போட்டேன் என்று தெரியாது. "ஏட்டி!" என்று கத்தினேன். "ஏ புள்ள! ஏ தங்கம்! எந்திரிட்டி!" மாடத்தி கத்தினாள், எல்லாரும் கத்தினார்கள். மோட்டார் இரைச்சலிலும் லாரி இரைச்சலிலும் டிரைவருக்கு ஒன்றும் கேட்கவில்லை. என் மகளுக்குக் கேட்டது. கேட்டுத் தோளை ஒரு வெட்டு வெட்டினாள், பேர் சொல்லாமல் கூப்பிடுகிறவர்களுக்கு ஏன் திரும்ப வேண்டும் என்பதுபோல, குனிந்து மறுபடியும் வரைந்தாள். லாரியின் பின்சக்கரம் அம்பாரத்தின் விளிம்பில் ஏறியது.

அப்போது உப்பை நினைத்தாயா பேச்சி என்று பின்னால் எத்தனையோ பேர் என்னைக் கேட்டார்கள். எந்த உப்பை?

"சாருமதீ!" என்று கத்தினேன். அடிவயிற்றில் இருந்து, பிள்ளை பெற்ற அன்று கத்தின குரலில் கத்தினேன். "சாருமதீ!"

ஊரே அண்ணாந்து பார்த்தது. மேற்கிலும் தெற்கிலும் கிழக்கிலும் இருந்து மேகங்கள் ஓடி வந்தன, நாள் முழுக்க எங்கோ பதுங்கி இந்தக் குரலுக்காகவே காத்திருந்ததுபோல வந்து எங்கள் பாத்திக்கு மேலே குவிந்து நின்றன. உப்பளம் இருண்டது. நான் அம்பாரத்தைப் பார்த்துத்தான் ஓடினேன், ஆனால் ஓடத் திரும்பிய அந்த நொடியில் மதினியின் முகத்தில் பார்த்தது கண்ணுக்குள் இருக்கிறது. அவள் கண் நகரத் தொடங்கியது. தாடை ஒரு விரற்கடை நகர்ந்தது. கழுத்து நரம்பு கயிறாகப் புடைத்தது. ஒரு சொட்டு, ஒரே ஒரு சொட்டு, என் புறங்கையில் விழுந்தது.

அவள் வாருபலகையைச் சேற்றில் ஓங்கிக் குத்தி, இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டு, முக்காட்டுத் துணியைப் பல்லால் கடித்துக்கொண்டு நின்றாள். திரும்பவில்லை.

திரும்பியது என் மகள். பேரைக் கேட்டதும் வெடுக்கென்று திரும்பினாள், திரும்பினவள் லாரியைப் பார்த்தாள், ஒரே தாவாகத் தாவி வரப்புக்கு இந்தப் பக்கம் சேற்றில் விழுந்தாள். அவள் குந்தியிருந்த இடத்தை, அவள் வரைந்ததை, பின்சக்கரம் ஏறி அழித்துக்கொண்டு நின்றது.

எல்லாரும் அங்கே ஓடினோம். பிள்ளையைத் தூக்கி, உதறி, கை கால் எல்லாம் இருக்கிறதா என்று தடவி, முதுகில் இரண்டு வைத்து, கட்டிக்கொண்டு அழுது, இத்தனையும் நடந்து முடிகிறவரை ஒருவரும் பின்னால் பார்க்கவில்லை. பிறகுதான் அந்தக் குரல் எங்களுக்குக் கேட்டது. காலியாகக் கிடந்த பாத்தியின் நடுவில், எங்களுக்கு முதுகைக் காட்டியபடி, தனியாக நின்று அவள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"பிள்ளைக்கு என்ன ஆச்சு? யாராவது சொல்லுங்களேன். பிள்ளைக்கு என்ன ஆச்சு?"

ஒரு தாய் அப்படிக் கத்துவதைக் கேட்டுவிட்டு, கூட்டமே அலறி ஓடுவதைக் கேட்டுவிட்டு, லாரி பிரேக் போடுகிற சத்தத்தையும் கேட்டுவிட்டு, பின்னால் என்ன கிடக்கிறது என்று தெரியாமல், திரும்பாமல் நின்றிருக்கிறாள். நான் அவள் இடத்தில் இருந்தால் திரும்பியிருப்பேன். நீங்களும் திரும்பியிருப்பீர்கள்.

"பிள்ளை நல்லாருக்கா மதினி!" என்று கத்தினேன். "திரும்பாதிய, அப்பிடியே நில்லுங்க, நாங்களே வாரோம்!"

பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு பாத்தியைச் சுற்றி ஓடி அவள் முன்னால் போய் நின்றேன். முகமெல்லாம் கண்ணீர், கடித்த துணியில் ரத்தம். பிள்ளையைப் பார்த்ததும் பலகையை விட்டுவிட்டு அந்தச் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டாள். பலகையைப் பிடித்திருந்த உள்ளங்கையில் தோல் உரிந்திருந்தது, உப்புத் தண்ணீர் பட்டு எரிந்திருக்கும். மேலே மேகங்கள் இன்னும் கொஞ்ச நேரம் நின்றன, கூப்பிட்ட ஆளைத் தேடி வந்து வீடு தெரியாமல் விழிக்கிற விருந்தாளிகள்போல ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு, பிறகு ஒவ்வொன்றாகக் கலைந்தன. பாத்தியில் வெயில் விழுந்தது.

என் மகளுக்கு அழுகை நின்றுவிட்டது. மதினியின் முகத்தையே உற்றுப் பார்த்தாள். அறிவு கெட்டது, நேராகக் கேட்டாள்.

"உங்க பேரும் அதான? நீங்க ஏன் திரும்பல?"

மதினி எட்டிப் பிள்ளையின் கன்னத்தில் இருந்த சேற்றைத் துடைத்தாள்.

"இன்னிக்கு அது உன் பேரு மட்டும்தான்," என்றாள்.

மிச்ச உப்பையும் வாரினோம். அவளும் வாரினாள், வேண்டாம் என்று சொல்லியும் கேட்கவில்லை, கையில் துணியைச் சுற்றிக்கொண்டு வாரினாள். கடைசித் தட்டு உப்பு தட்டுமேட்டில் விழுந்து, என் வீட்டுக்காரர் ஓலையை இழுத்து மூடியபோது வெளிச்சம் மங்கத் தொடங்கியிருந்தது, டிரைவரும் மெக்கானிக்கும் வந்து அச்சை மாற்றி முடித்திருந்தார்கள். எங்கள் உப்பு கரை சேர்ந்துவிட்டது. ஆனால் பக்கத்துப் பாத்திகள் இன்னும் வாரப்படவில்லை, அடுத்த நாள்தான் அவர்கள் முறை, ஆகையால் அப்போதும் யாரும் அந்தப் பேரைச் சொல்லவில்லை. மாடத்தி காய்ந்த சேலையை மடித்து அவள் கையில் வைத்தாள். கிழிசல் சேலை. பெரிய நடிகை அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு காரில் ஏறினாள்.

சாலையின் இரண்டு பக்கமும் உப்பளமே வந்து நின்றது. ஆணும் பெண்ணும் பிள்ளையுமாக, கன்னத்தைக் கடித்துக்கொண்டு, வாயைப் பொத்திக்கொண்டு. உதடு அசையாவிட்டாலும் அத்தனை நெஞ்சும் அந்தப் பேரைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. மேற்கே ஒரு சின்ன மேகம் எட்டிப் பார்த்ததை நான் பார்த்தேன், அவளும் பார்த்திருப்பாள், நாங்கள் சொல்வது அவளுக்குக் கேட்டிருக்கும். கார் நகர்ந்தது. பின்கண்ணாடியில் அவள் தலை தெரிந்தது, அந்தக் கழுத்து தெரிந்தது. சாலை வளைகிற இடம்வரை அது நேராகவே இருந்தது.

பிறகு டவுனில் கொட்டகை வாசலில் டிக்கெட்டுக்கு நிற்கும்போது இந்தப் பேச்சு அடிபடும். அம்மாம்பெரிய நடிகை உங்களோடு உட்கார்ந்து கஞ்சி குடித்தாளாமே, கடைசியில் என்ன கண்டீர்கள், நாள் முழுக்க உங்களோடு இருந்துவிட்டுப் போகும்போது திரும்பிக்கூடப் பார்க்கவில்லையாமே என்று டவுன்காரிகள் வாயைக் கோணுவார்கள். அதைக் கேட்டால் மாடத்தி சேலையை இடுப்பில் வரிந்து கட்டிக்கொண்டு சண்டைக்குக் கிளம்புவாள். நான் அவள் கையைப் பிடித்து நிறுத்திவிட்டு, என் மகளையும் இழுத்து முன்னால் நிறுத்திக்கொண்டு, கொட்டகையில் இருக்கிற எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொல்வேன்:

"ஆமா, பாக்கல. திரும்பிக்கூடப் பாக்கல."